பிரேசில் அக்காவின் கந்தசஷ்டி

சென்ற மாதம் பிரேசில் அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். இனி யாரையும் உதைப்பதாக இல்லை என்று அவர் அறிவித்த செய்தி, நீளமான ஒரு கட்டுரையாக என் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கூடத்தில் சிறுமியாக உதைத்த முதல் உதை, அத்தையின் அழகுநிலையத்தில் வெட்டிய மயிரைக் கூட்டிக்கொண்டே செய்த பயிற்சி, முழங்காலில் அறுவைச் சிகிச்சை, அதற்குப் பிறகு யாரும் எதிர்பார்க்காத பதக்கங்கள் என்று டேக்வாண்டோவில் அவர் கண்டதெல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. மொன்றியலுக்கு மட்டும் ஒரே வரி: கனடாவில் சில மாதங்கள் பயிற்சி பெற்றார். அவ்வளவுதான். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட் இல்லை. கந்தசஷ்டி இல்லை. முட்டை மஞ்சட்கரு இல்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, நான் இல்லை. கட்டுரையை இரண்டுதரம் கீழிருந்து மேலாகவும் தேடிப்பார்த்தேன்.

ஆகவே விட்டுப்போனதை நானே எழுதவேண்டியிருக்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வயதைவிட வயிறு மூத்தது. அப்பா புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரோடு பெட்டி தூக்கிய பிரேசில்காரர் ஒருவர், தங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி பயிற்சிக்கு வருகிறாள், தங்க இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அப்பா வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தார்.

"குமர்ப்பிள்ளையோ? என்ன செய்யிறவளாம்?" என்று அம்மா கேட்டார்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "உதைக்கிறவளாம்."

"ஆரை?"

"வாறவையை."

வந்து இறங்கிய பெண்ணைப் பார்த்தால் ஒரு காற்றுக்குத் தாங்கமாட்டார் போல இருந்தது. ஆனால் அவருக்குத் தங்கக் கொடுத்த நிலத்தடிப் பேஸ்மென்டின் கூரையிலிருந்து தொங்கிய மின்குமிழை, நின்ற இடத்திலிருந்தே காலை உயர்த்தி, பெருவிரலால் தொட்டுக் காட்டினார். அன்றிலிருந்து நான் அவருடைய அடிமை. வீட்டில் எல்லோருக்கும் அவர் பிரேசில் அக்கா.

அம்மா ஒரு கார்டெரியில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கிற வேலையில் இருந்தார். அங்கே படித்த பிரெஞ்சுதான் அவருடைய பிரெஞ்சு. இரு, சாப்பிடு, கை கழுவு, கடிக்காதே என்ற நான்கு கட்டளைகளுக்குள் அது அடங்கியிருந்தது. அக்காவின் பிரெஞ்சும் வந்த புதிதில் அதே அளவுதான். எனவே இரண்டு பேருக்கும் இடையில் பேச்சு மிகத் தெளிவாக நடந்தது. அம்மா இரு என்பார், அக்கா இருப்பார். சாப்பிடு என்பார், அக்கா சாப்பிடுவார். புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் அந்த மெல்லிய உடம்புக்குள் போய் எங்கே ஒளிந்துகொள்கின்றன என்று நான் வியப்பேன். அம்மா உச்சிகுளிர்ந்து போவார்.

ஐப்பசி பிறந்து குளிர் இறங்கியதும் அக்கா திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தார். ஒரு நாள் புட்டுத் தட்டோடு கீழே போன அம்மா, தட்டை அப்படியே கொண்டு மேலே வந்தார். முகத்தில் ஒரு பரவசம்.

"என்னப்பா, உவள் சஷ்டி பிடிக்கிறாள்!"

அம்மாவைக் குறைசொல்ல முடியாது. அக்காவின் அறைச் சுவரில் தொங்கியது அம்மா கொடுத்த முருகன் கோயில் நாட்காட்டி. அதில் கந்தசஷ்டி ஆறு நாளுக்கும் குறுக்கே சிவப்புப் பேனையால் ஒரு கோடு. ஏழாம் நாளைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். மேலே மயிலோடு முருகன். கீழே, தட்டைக் கண்டதும் வயிற்றில் கைவைத்துத் தலையாட்டிய பெண், பக்கத்தில் அரை அப்பிள். வேறென்ன நினைக்கமுடியும்? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எந்தத் தாயும் அதைத்தான் நினைத்திருப்பார். செய்தி அரை மணி நேரத்தில் கர்க்லாண்டில் இருந்த பெரியம்மாவுக்குப் போயிற்று. பெரியம்மாவுக்குப் போன செய்தி வேறு எங்கே போகவேண்டும் என்று யாரும் கவலைப்படத் தேவையில்லை.

எங்கள் கோயிலில் விரதக்காரருக்கும் பெல்ட் உண்டு என்பதை நான் அந்த வாரத்தில்தான் கண்டுபிடித்தேன். மத்தியானம் ஒருபொழுது சோறு சாப்பிடுகிறவர்கள் வெள்ளை பெல்ட். பாலும் பழமும் எடுப்பவர்கள் நீலம். ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக இருப்பவர்கள் கறுப்பு. அம்மா நீலம். பெரியம்மா பல வருடங்களாகக் கறுப்பு. அதை அவர் யாருக்கும் சொல்வதில்லை. கேட்கிறவர்களுக்கு மட்டும் சொல்வார், கேட்காதவர்களைக் கேட்கவைப்பார்.

எல்லோரும் பிரேசில் அக்காவைப் புகழ்ந்ததை என்னால் பொறுக்கமுடியவில்லை. "நானும் பிடிக்கிறன். பாலும் பழமும்," என்று அறிவித்தேன். அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருதரம் மேலிருந்து கீழாகப் பார்த்தார். "முருகனுக்கே இது சோதனை," என்றார்.

முதல் நாள், பள்ளிக்கூடத்தில் முதல் இடைவேளைக்கு முன்பே அன்றைய பழம் முழுவதும் முடிந்தது. பின்னேரம் கண் இருட்டிக்கொண்டு வர, ஆறுதல் தேடி பேஸ்மென்டுக்கு இறங்கினேன். அக்கா தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலில் முட்டை அவித்துக்கொண்டிருந்தார். உரித்து, வெள்ளைக்கருவை மட்டும் உப்பில்லாமல் தின்றார். மஞ்சட்கரு இரண்டும் ஒரு சின்னத் தட்டில், போக இடமில்லாத அநாதைகள் போல உருண்டுகொண்டிருந்தன. அக்கா என்னைப் பார்த்தார். நான் மஞ்சட்கருவைப் பார்த்தேன். எங்கள் கூட்டுறவு அப்படித் தொடங்கியது.

சஷ்டி வாரத்தில் எங்கள் வீட்டுக்குள் முட்டை வருவது, கோயிலுக்குள் செருப்போடு போவதற்குச் சமம். எனக்கு அது நன்றாகத் தெரியும். மஞ்சட்கருவும் ஒரு வகையில் பழம்போல உருண்டையாகத்தான் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நாலாம் நாள் பெரியம்மா வந்தார். பிரேசில் பக்தையைப் பார்ப்பதற்கு முன், விரதம் பிடிக்கும் சின்னப் பக்தனை ஆசீர்வதிக்க விரும்பினார். அப்போதுதான் கீழிருந்து ஏறிவந்த என் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டுக் குனிந்து பார்த்தவர், "என்னடா வாய்க்கரையிலை மஞ்சள்?" என்றார்.

"சந்தனம், பெரியம்மா."

என் வாழ்க்கையில் அதைவிட வேகமாக நான் எதையும் யோசித்ததில்லை. இப்போதும் அலுவலகக் கூட்டங்களில் அப்படி ஒன்று வருமா என்று காத்திருக்கிறேன், வருவதில்லை. பெரியம்மா கண்கலங்கி, "வாயெல்லாம் சந்தனம் பூசியிருக்கு பிள்ளை," என்று என் கன்னத்தைத் தடவினார். அம்மா மட்டும் என்னைக் குளியலறைக்குள் இழுத்துப் போய், வாயை விரலால் துடைத்து, விரலை முகர்ந்தார். பிறகு நேரே படியிறங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

கேத்தலில் ஆவி பறந்தது. முட்டைக் கோதுகள் கடதாசித் துண்டில் கிடந்தன. அம்மா, கார்டெரியில் சுவரில் கிறுக்கிய பிள்ளையைக் கேட்கும் குரலில், "என்ன இது?" என்று கோதுகளைக் காட்டித் தமிழிலேயே கேட்டார்.

அக்காவுக்கு எதற்காகத் தன்னைக் கேட்கிறார்கள் என்றே விளங்கவில்லை. கட்டிலுக்குக் கீழே இருந்து நிறைகாட்டும் கருவியை இழுத்து, அதன்மேல் ஏறி நின்றார். எண்ணைக் காட்டினார். நாட்காட்டியில் இருந்த வட்டத்தைக் காட்டினார். பிறகு பயிற்சிக்கூடத்தில் பொறுக்கிய பிரெஞ்சில் கடகடவென்று பேசினார். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு இருந்ததால் நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். ஏழாம் நாள் நகரத்தில் பெரிய போட்டிக்கு நிறை பார்க்கிறார்கள். நாற்பத்தொன்பது கிலோவுக்குள் இருக்கவேண்டும். ஒரு சொட்டுக் கூடினாலும் மேடையில் கால்வைக்க விடமாட்டார்கள். முழங்கால் வெட்டிய பிறகு அவருக்குக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பம் இது. இதில் பதக்கம் இல்லையென்றால் அணியில் அவருடைய இடம் வயது குறைந்த இன்னொருத்திக்குப் போய்விடும். அவர் அத்தையின் கடைக்குத் திரும்பி மயிர் கூட்டலாம்.

அம்மா கருவியில் தெரிந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். "சாப்பிடாமல் கிடந்து போட்டுச் சண்டை பிடிக்கிறதோ? ஆர் விசரன் இதைக் கண்டுபிடிச்சவன்?" என்றார்.

"அம்மா உங்களை வாழ்த்துகிறார்," என்று மொழிபெயர்த்தேன்.

அம்மா முட்டைத் தட்டை எடுத்தார். குப்பையில் எறியப்போகிறார் என்று நினைத்தேன். அதை அறை மூலையில் இருந்த சின்னக் குளிர்பெட்டிக்குள் திரும்பவும் வைத்து, கதவைச் சாத்தினார். என் பக்கம் திரும்பி, "வெள்ளை அவளுக்கு. மஞ்சள் குப்பைக்கு. விளங்கிச்சோ?" என்றார். விளங்கியது.

மேலே பெரியம்மா காத்திருந்தார். "என்னடி, பிள்ளை என்ன செய்யுது? ஒருக்கால் பாப்பம்."

"கும்பிட்டுக்கொண்டு இருக்கிறாள் அக்கா. குழப்பக்கூடாது," என்று அம்மா தன் தமக்கையைத் தடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு கிட்டத்தட்ட நின்றுபோனது. தாளிதம் இல்லை. பொரியல் இல்லை. படியிறங்கிக் கீழே போகக்கூடிய வாசனை எதுவும் இல்லை. அப்பாவுக்குக் கடையில் வாங்கிய பாண் ரொட்டியும் வாழைப்பழமும். "விரதம் உமக்கு. எனக்கேன் பாண்?" என்று அப்பா கேட்டார். "பாண் உடம்புக்கு நல்லது," என்று அம்மா சொன்னார். மஞ்சட்கருவுக்கான தண்டனை குடும்பத்தின்மேல் இறங்கியிருக்கிறது என்று நான் முடிவுகட்டி, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் என் வாழைப்பழத்தை மென்றேன்.

ஆறாம் நாள், சூரன்போர். பின்னேரம் உறைமழை பெய்து தெருவெல்லாம் கண்ணாடியாகக் கிடந்தது. அக்கா நிறைகருவியைக் கையில் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். இன்னும் ஒரு தோடம்பழ அளவு நிறை கூட இருந்தது. ஓடி வியர்க்கவேண்டும், வெளியே ஓடினால் காலை முறிக்கவேண்டும். நகரத்திலிருந்த பயிற்சிக்கூடத்துக்குப் போக வழியில்லை. பேஸ்மென்ட் படிகளில் ஏறி இறங்கிப் பார்த்தார், முழங்கால் முறைப்பாடு செய்தது. சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து, அழாமல் இருப்பதற்காகக் கூரையைப் பார்த்தார்.

அம்மா அவரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "எல்லாரும் வெளிக்கிடுங்கோ. கோயிலுக்குப் போறம்," என்றார்.

"அவளுமோ?" என்றார் அப்பா.

"அவளுக்குத்தான் போறம்."

அம்மா அக்காவைத் தலைமுழுக வைத்தார். அதன் பிறகு அக்கா குப்பை கட்டும் பெரிய கறுப்புப் பைகள் இரண்டை எடுத்து, தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டிப் போட்டுக்கொண்டார். வியர்வை வருவதற்காக விளையாட்டுக்காரர் செய்யும் வேலையாம். அதன்மேல் இரண்டு கம்பளிச் சட்டை. அதற்குமேல் அம்மாவின் பட்டுச் சால்வை. பக்கத்திலேயே இருந்த கோயிலுக்கு அப்பா காரை ஆமைபோல ஓட்டினார்.

உள்ளே கோயில் கொதித்துக்கொண்டிருந்தது. மழைக்குப் பயந்து சூரனையும் உள்ளேயே வைத்து ஆட்டுவதாக ஏற்பாடு. கற்பூரம், விளக்கு, சுவரோரச் சூடாக்கி, நெருக்கியடிக்கும் பட்டுச்சேலைகள். அக்கா சப்பாத்தைக் கழற்றினார். வெறுங்காலோடு நிற்பதற்கு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, தொழிலே அதுதான். அம்மா உள்வீதியைக் காட்டி, விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். அக்கா சுற்றத் தொடங்கினார். முதலில் நடை, பிறகு வேக நடை, பிறகு நடையென்றும் ஓட்டமென்றும் சொல்லமுடியாத ஒன்று. ஒவ்வொரு எட்டுக்கும் குப்பைப் பை உள்ளே சரசரத்தது.

பெரியம்மா அம்மாவின் முழங்கையைப் பிடித்தார். "உவள் என்ன நேத்தி வைச்சவள்?"

"ஏதோ மனசிலை நினைச்சுச் சுத்துறாள்," என்றார் அம்மா. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

ஆறு நாள் மிளகு தின்ற பெரியம்மாவால் அதற்குமேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, "முருகா!" என்று ஒரு குரல் கொடுத்து அக்காவின் பின்னால் புறப்பட்டார். அவருக்குப் பின்னால் நாலைந்து மாமிகள். அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய பிள்ளைகள். கொஞ்ச நேரத்தில் உள்வீதி முழுவதும் அரோகரா என்று சுற்றிக்கொண்டிருந்தது. மேளக்காரர், என்ன ஏது என்று விளங்காமலே, அக்காவின் காலுக்கு ஏற்றபடி அடிக்கத் தொடங்கினார். பொடியங்கள் தோளில் தூக்கிய சூரன் யுத்தத்துக்குப் புறப்பட்டவன், வழி கிடைக்காமல் ஓரமாக நின்றான்.

ஒரு மாமி செம்பில் தண்ணீர் நீட்டினார். அம்மா எங்கிருந்தோ பாய்ந்து வந்து மறித்தார். "குடிக்கமாட்டாள்."

கூட்டம் மூச்சை உள்ளிழுத்தது. தண்ணீரும் இல்லை! அந்தக் கணத்தில் பிரேசில் அக்கா பெரியம்மாவைத் தாண்டி, எங்கள் கோயிலில் இதுவரை யாரும் கட்டாத ஒரு பெல்ட்டைப் பெற்றார். சூரனுடைய கடைசித் தலை விழுந்தபோது அக்காவின் முகம் எண்ணெய் பூசிய சிலைபோல மின்னியது. அந்த வாரத்தில் முதல்முறையாக அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அப்பா அவரை நிறை பார்க்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். நிறை பார்ப்பது மத்தியானத்துக்குப் பக்கத்தில். விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணை விடியவே முடிந்திருக்கவேண்டும். ஊரெல்லாம் முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் கத்தரிக்காயும் வாழைக்காயும் வெட்டினபடி தண்ணீரில் மிதந்தன. வடைக்கு உழுந்து அரைத்தபடி இருந்தது. அடுப்பு மட்டும் குளிர்ந்து கிடந்தது. அம்மா மேசையடியில் உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது அடித்தது. பெரியம்மா. அவருடைய குரல் எனக்கே கேட்டது. "பாறணை முடிஞ்சுதோடி?"

"ஓம் அக்கா, முடிஞ்சுது."

காலியான வயிற்றோடு பக்கத்தில் நின்ற நான் அதிர்ந்துபோனேன். "அம்மா, சூரன் செத்து எவ்வளவு நேரமாச்சு!" என்றேன்.

"பொறு."

பொறுத்தேன். இதற்குமேல் பொறுத்தால் எனக்கும் ஒரு கறுப்பு பெல்ட் தரவேண்டிவரும் என்ற கட்டத்தில் தொலைபேசி மறுபடி அடித்தது. அம்மா எழும்பி நின்று எடுத்தார். அந்தப் பக்கம் அப்பா தொலைபேசியை நேரே அக்காவிடம் கொடுத்திருக்கவேண்டும். மூச்சுவிடாத ஒரு பிரெஞ்சு, நடுவில் ஒரு எண், பிறகு சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். நாற்பத்தெட்டும் சொச்சமும். அம்மா கண்ணை மூடித் திறந்தார். தன்னிடமிருந்த நான்கு கட்டளைகளில் ஒன்றைச் சொன்னார்.

"மான்ஜ்." சாப்பிடு.

தொலைபேசியை வைத்த கையோடு அடுப்பை மூட்டினார். கடுகு வெடித்த சத்தம் எனக்குப் பட்டாசுபோலக் கேட்டது.

அடுத்த நாள் நடந்த போட்டியையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். பெரியம்மா இரண்டு கார் நிறைய மாமிகளோடு வந்து முன்வரிசையைப் பிடித்தார். சண்டைக்கு முன் அக்கா எதிராளிக்குத் தலைவணங்கியதும், "பாத்தியே, கும்பிட்டிட்டுத்தான் அடிக்கிறாள்," என்று திருப்திப்பட்டார். பிறகு ஒவ்வொரு உதைக்கும் ஒரு அரோகரா. அரையிறுதியில் அக்கா பின்தங்கியிருந்தார். நேரம் முடியப்போகிற தறுவாயில், எங்கள் பேஸ்மென்ட் மின்குமிழைத் தொட்ட அதே கால் மேலே போய் எதிராளியின் தலைக்கவசத்தைத் தட்டியது. மாமிகள் எழும்பிய வேகத்தில் ஒரு கதிரை உடைந்தது. இறுதிப் போட்டியில் மயிரிழையில் தோற்றார். நடுவருக்குக் கண் தெரியாது என்பது பெரியம்மாவின் தீர்ப்பு, அதில் இன்றுவரை மாற்றமில்லை. வெள்ளிப் பதக்கம் போதுமாக இருந்தது. அணியில் இடம் நிலைத்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கட்டுரையில் இருக்கிறது.

கட்டுரையில் இல்லாதது, நிறை பார்த்த அன்று மத்தியானம் எங்கள் சமையலறை. அப்பாவும் அக்காவும் உள்ளே வந்தபோது மேசையில் சோறு, பருப்பு, பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், பாயசம் எல்லாம் ஆவி பறக்க இருந்தன. அக்கா சப்பாத்தைக் கழற்றாமலே அம்மாவைக் கட்டிப்பிடித்தார். அம்மா, "கை கழுவு," என்றார். அக்கா கழுவிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து சாப்பிடத் தொடங்கினார்கள். அக்கா ஒரு வாய், அம்மா ஒரு வாய். அம்மா அவ்வளவு வேகமாகச் சாப்பிட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு அம்மாமேல் இன்னும் கோபம் தீரவில்லை. "ஏனம்மா இவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"பசிக்கேல்லை," என்றார் அம்மா, அக்காவின் தட்டில் இன்னொரு அகப்பை சோற்றைப் போட்டபடி.

நான் நம்பினேன். ஆறு நாள் பாலும் பழமுமாக இருந்தால் ஏழாம் நாள் பசியே வராது என்ற விஞ்ஞான உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியில், பசிக்காத அம்மாவின் தட்டிலிருந்த அப்பளத்தையும் எடுத்துத் தின்றேன்.